பாதியில் நின்றால் பணம் என்ன ஆகும்?

அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் செமஸ்டர் நடுவே விலகினால் நிதியுதவிக் கணக்கு எப்படி மாறும் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். கணக்குப் போட்டுக் காட்டியிருக்கும் தொகைகள் உதாரணத்துக்காக, விதிகள் உள்ளபடியே.

கேள்வி: எங்கள் மகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. விடுதியில் தங்கியிருக்கிறான். பெல் கிராண்டும் (வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்கு அரசு தரும், திருப்பத் தேவையில்லாத உதவி) ஃபெடரல் கடனும் (மத்திய அரசுக் கடன்) உண்டு. படிப்பு பிடிக்கவில்லை, செப்டம்பர் கடைசியில் நின்றுவிடுகிறேன் என்கிறான். "உதவிப் பணம் கல்லூரிக்குப் போய்விட்டது, இனிமேல் யார் கேட்கப்போகிறார்கள்?" என்பது அவன் வாதம். சரியா?
– ஒரு தந்தை, எடிசன், நியூஜெர்சி

பதில்: கேட்பார்கள். ஆனால் முதலில் கேட்பது அரசாங்கம் அல்ல, கல்லூரி.

செமஸ்டர் தொடக்கத்திலேயே கணக்கில் விழுந்துவிடுவதால் அந்தப் பணம் முழுவதும் நம்முடையது என்று தோன்றும். உண்மையில் அது முன்பணம். நாட்கூலி போல, ஒவ்வொரு நாளும் போகப்போகத்தான் மாணவருக்குச் சொந்தமாகிறது. செமஸ்டரின் 60 சதவீத நாட்களைத் தாண்டிவிட்டால் முழுத்தொகையும் சொந்தம். அதற்கு முன் நின்றால், நின்ற நாள் வரை சேர்ந்த பங்கு போக மீதி திரும்பிப் போக வேண்டும்.

நாட்களை எண்ணுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சனி, ஞாயிறு உட்பட காலண்டர் நாட்களை எண்ணுவார்கள். ஆனால் தொடர்ந்து 5 நாள் அல்லது அதற்கு மேல் விடுமுறை விட்டால் அந்த நாட்கள் கணக்கில் வராது. 2025 ஆகஸ்ட் 25 முதல் டிசம்பர் 12 வரை ஒரு செமஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 110 நாள். தேங்ஸ்கிவிங் விடுமுறை புதனில் தொடங்கி ஞாயிறு வரை இருந்தால் 5 நாள் கழிந்து 105. வியாழனில் தொடங்கினால் 4 நாள்தான், கழிக்க மாட்டார்கள். அந்த ஒரு நாளில் 60 சதவீதத் தேதியே நகர்ந்துவிடும்: 105 நாள் கணக்கில் அக்டோபர் 27 அன்று 60 சதவீதத்தைத் தாண்டலாம், 110 நாள் கணக்கில் அக்டோபர் 30 வரை காத்திருக்க வேண்டும். சரியாக 60 என்பது போதாது. அதைத் தாண்ட வேண்டும்.

உங்கள் மகன் செப்டம்பர் 30 அன்று விலகினால் அது 37-ஆவது நாள். 37-ஐ 105-ஆல் வகுத்தால் 35.2 சதவீதம். அவருக்குப் பெல் கிராண்ட் 3,000, சப்சிடைஸ்டு கடன் (படிக்கும்வரை வட்டியை அரசே ஏற்பது) 1,700, அன்சப்சிடைஸ்டு கடன் (வட்டி தொடக்கத்திலிருந்தே மாணவர் பொறுப்பு) 1,000, ஆக 5,700 டாலர் வந்திருக்கிறது. கல்லூரிக் கட்டணமும் விடுதியும் சாப்பாடும் சேர்த்து 10,500 என்று கொள்வோம். சொந்தமானது 2,006.40. சொந்தமாகாதது மீதி 64.8 சதவீதம், 3,693.60. இதில் கல்லூரி திருப்ப வேண்டிய பங்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: கல்லூரிக் கட்டணத்தில் அதே 64.8 சதவீதம், அதாவது 6,804. இரண்டில் குறைந்தது எதுவோ அதைக் கல்லூரி திருப்பும். எனவே 3,693.60 முழுவதையும் கல்லூரியே அரசாங்கத்துக்கு அனுப்பிவிடும். விலகல் உறுதியானதிலிருந்து 45 நாளுக்குள் அனுப்பியாக வேண்டும்.

பிரச்சினை இனிமேல்தான். கல்லூரிக்கென்று தனியாக ஒரு ரீஃபண்ட் அட்டவணை இருக்கும். தொடக்கத்தில் 100 சதவீதம், பிறகு படிப்படியாகக் குறைந்து, பல இடங்களில் நாலைந்து வாரத்தில் பூஜ்யம். அந்த அட்டவணைக்கும் ஃபெடரல் கணக்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆறாவது வாரத்தில் விலகுகிறவருக்குக் கல்லூரி ஒரு டாலர்கூடக் குறைக்காமல் இருக்கலாம். கட்டணம் அப்படியே நிற்கும், அதைக் கட்டிய பணம் மட்டும் திரும்பிப் போயிருக்கும். அந்தப் பள்ளம் மாணவர் பெயரில் பில்லாக வரும். கட்டாவிட்டால் கணக்கில் ஹோல்டு விழும், அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாது, பிறகு கலெக்ஷன் ஏஜென்சி.

இதில் பயப்படுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திருப்புவதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் அன்சப்சிடைஸ்டு கடன், அடுத்து சப்சிடைஸ்டு, அடுத்து பேரன்ட் பிளஸ் (பெற்றோர் பெயரில் எடுக்கும் ஃபெடரல் கடன்), அதன் பிறகுதான் பெல். மேலே சொன்ன 3,693.60-இல் 2,700 கடனை அடைக்கவே போய்விடுகிறது. அந்தக் கடன் இனி உங்கள் மகன் தலையில் இல்லை. நிஜமாகக் கைவிட்டுப் போன இலவசப் பணம் 993.60 மட்டுமே. பத்து வருடம் தவணையில் கட்டியிருக்க வேண்டிய கடன் ஒரே மாதத்தில் ரொக்கமாகக் கட்ட வேண்டிய பில்லாக மாறுகிறது. குடும்பங்கள் திணறுவது இந்த மாற்றத்தில்தான்.

செய்ய வேண்டியது இது. ஃபைனான்ஷியல் எய்டு அலுவலகத்தில் இரண்டு தேதிகளுக்கு, இன்றைக்கும் 60 சதவீதம் தாண்டும் நாளுக்கும், உத்தேசக் கணக்கு கேட்டு மின்னஞ்சலில் வாங்குங்கள். கேட்கும்போது வார்த்தையில் கவனம். "விலகினால் எவ்வளவு வரும்?" என்பது விசாரணை. "நான் விலகுகிறேன்" என்பது அறிவிப்பு. வருகைப்பதிவு கட்டாயமில்லாத கல்லூரிகளில், விலகலுக்கென்று கல்லூரி குறித்திருக்கும் அலுவலகத்திடம் வாய்மொழியாகச் சொன்ன நாளே விலகிய தேதியாகிவிடலாம். வருகைப்பதிவு எடுத்தாக வேண்டிய கல்லூரியில் கடைசியாக வகுப்புக்கு வந்த நாள்தான் தேதி. ரூம்மேட்டிடமோ பேராசிரியரிடமோ சொன்னது எதிலும் சேராது. அக்டோபர் கடைசி வரை இருப்பதென்றால் உண்மையாகவே வகுப்புக்குப் போய் அசைன்மென்ட் கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டும்; டபிள்யூ கிரேடோடு (தோல்வி இல்லாமல், விலகினார் என்று மட்டும் காட்டும் குறி) விலகுவதற்கான கடைசித் தேதி அதற்கு முன்பே முடிகிறதா என்பதையும் கல்லூரிக் காலண்டரில் பாருங்கள்.

கேள்வி: என் மகள் வீட்டிலிருந்தே கம்யூனிட்டி காலேஜ் போகிறாள். கட்டணம் 600 டாலர்தான், பெல் கிராண்ட் 3,600. மீதி 3,000 அவள் வங்கிக் கணக்குக்கு வந்து, பழைய கார் வாங்கிச் செலவாகிவிட்டது. இப்போது விலகினால் அந்த மூவாயிரத்தையும் கட்ட வேண்டுமா?
– ஒரு தாய், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: முழுவதும் இல்லை. கிராண்ட் விஷயத்தில் விதி கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது.

முந்தைய பதிலில் இருந்த அதே தேதிகளை எடுத்துக்கொண்டால், சொந்தமாகாத தொகை 2,332.80. கல்லூரியின் பங்கு 600-இல் 64.8 சதவீதம், 388.80. மீதி 1,944 உங்கள் மகள் பங்கு. ஆனால் வாங்கிய கிராண்டில் பாதிக்கு, அதாவது 1,800-க்கு, பாதுகாப்பு உண்டு. ஆகவே அரசாங்கத்துக்கு அவள் திருப்ப வேண்டியது 144 டாலர். இந்தத் தொகை 50 டாலர் அல்லது அதற்குக் கீழே வந்தால் கேட்கவே மாட்டார்கள். கல்லூரி திருப்பிய 388.80-க்குக் கல்லூரி தனியாக பில் அனுப்பலாம். ஆக மொத்தம் 532.80.

அந்த 144 சிறியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். கல்லூரி கடிதம் அனுப்பிய 45 நாளுக்குள் கட்டவேண்டும் அல்லது தவணைக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் நாட்டின் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் ஃபெடரல் உதவி நின்றுபோகும். கடிதம் வருவது பெரும்பாலும் மாணவரின் கல்லூரி மின்னஞ்சலுக்கு; விலகியவர்கள் முதலில் திறப்பதை நிறுத்துவதும் அதைத்தான்.

கையில் வந்தது கிராண்டாக இல்லாமல் கடனாக இருந்தால் உடனே திருப்ப வேண்டியதில்லை. அது கடனாகவே தொடரும், பத்திரத்தில் உள்ளபடி கட்டினால் போதும்.

கேள்வி: பையன் யாரிடமும் சொல்லாமல் அக்டோபரிலிருந்தே வகுப்புக்குப் போவதை நிறுத்தியிருக்கிறான். ஐந்து பாடத்திலும் எஃப். ஜனவரியில் கல்லூரி பல ஆயிரம் டாலர் பில் அனுப்பியிருக்கிறது. தோற்றதற்கு அபராதமா?
– பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்: அபராதம் அல்ல. எல்லாப் பாடத்திலும் எஃப் வாங்கினால், "இவர் கடைசி வரை இருந்து தோற்றாரா, நடுவிலேயே நின்றுவிட்டாரா?" என்று கல்லூரி பார்த்தாக வேண்டும். இருந்துதான் தோற்றார் என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால் சொல்லாமல் விலகியவராகக் கொள்வார்கள். எந்தத் தேதியில் என்று தெரியாததால் செமஸ்டரின் நடுநாளை வைத்துக்கொண்டு 50 சதவீதம் மட்டுமே சொந்தம் என்று கணக்கிடுவார்கள். செமஸ்டர் முடிந்து 30 நாளுக்குள் இதை முடிவுசெய்ய வேண்டும் என்பதால்தான் கடிதம் ஜனவரியில் வருகிறது.

இதை மாற்ற வழி உண்டு. நடுநாளுக்குப் பதிலாக, படிப்பு சம்பந்தமான கடைசிச் செயலுக்கு ஆதாரமுள்ள தேதியைக் கல்லூரி எடுத்துக்கொள்ளலாம். தேர்வு எழுதியது, அசைன்மென்ட் சமர்ப்பித்தது, ஆன்லைன் வகுப்பில் பாடம் பற்றிய விவாதத்தில் எழுதியது, லேபுக்குப் போனது எல்லாம் சேரும். கேன்வாஸில் (கல்லூரியின் பாட இணையதளம்) வெறுமனே லாகின் செய்தது சேராது. விடுதியில் இருந்ததும் மெஸ்ஸில் சாப்பிட்டதும் சேராது, ஏன், அட்வைசரைப் போய்ப் பார்த்ததுகூடச் சேராது. ஒவ்வொரு பாடத்தின் பேராசிரியருக்கும் எழுதி, கடைசியாகச் சமர்ப்பித்த வேலையின் தேதியைக் கேளுங்கள். அது 60 சதவீதத்துக்குப் பிறகு வந்தால் திருப்பவேண்டியதே இல்லை. ஒரே ஒரு பேராசிரியர் "இவர் கடைசி வரை வந்தார், மதிப்பெண் போதாமல்தான் எஃப்" என்று பதிவுசெய்தால் விலகல் என்ற பேச்சே எழாது.

உங்கள் மகன் உண்மையிலேயே அக்டோபர் தொடக்கத்தில் நின்றிருந்தால் தோண்டாமல் விடுவதே நல்லது. நடுநாள் கணக்கு அவருக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது.

மீண்டும் சேரும்போது இன்னொரு தடை வரும். உதவி தொடர வேண்டுமானால் படிப்பில் முன்னேற்றம் காட்ட வேண்டும்: பல கல்லூரிகளில் சராசரி மதிப்பெண் (ஜிபிஏ) 2.0, எடுத்த கிரெடிட்டில் 67 சதவீதம் முடித்திருப்பது, பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டில் 150 சதவீதத்துக்கு மேல் எடுக்காமல் இருப்பது. எஃப்பும் டபிள்யூவும் "எடுத்தது" என்ற பக்கம் ஏறும், "முடித்தது" பக்கம் ஏறாது. முதலாண்டில் 30 கிரெடிட் ஒழுங்காக முடித்தவர் அடுத்த செமஸ்டரில் 15 கிரெடிட்டையும் விட்டால் 45-க்கு 30, அதாவது 66.67. மயிரிழையில் கீழே. முறையீடு செய்யலாம். முறையீட்டில் கண்ணீர்க் கதையைவிட மூன்று விஷயங்கள் எடுபடும்: என்ன நடந்தது, அதற்கு என்ன சான்று, இப்போது என்ன மாறியிருக்கிறது.

கேள்வி: மனச்சோர்வு காரணமாக மகள் மெடிக்கல் லீவ் எடுக்கிறாள். டாக்டர் சான்றிதழ் இருக்கிறது, கல்லூரி லீவ் கொடுத்துவிட்டது. எனவே நிதியுதவிக்குப் பாதிப்பில்லை என்று நினைக்கிறோம்.
– கேரி, நார்த் கரோலினா

பதில்: இந்த நினைப்புதான் பலரைக் கவிழ்க்கிறது. கல்லூரி "லீவ்" என்று சொல்வதும் ஃபெடரல் விதி "லீவ்" என்று ஏற்பதும் வேறு வேறு. ஃபெடரல் விதிப்படி 12 மாதத்தில் 180 நாளுக்கு மேல் போகக்கூடாது. திரும்பி வந்தவர் விட்ட பாடத்தை விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். வழக்கமான செமஸ்டர் முறையில் அக்டோபரில் விட்ட வேதியியலை மார்ச்சில் நடுவிலிருந்து தொடர முடியாதல்லவா? அதனால் பெரும்பாலான கல்லூரி லீவ்களை ஃபெடரல் கணக்கு விலகலாகவே எடுத்துக்கொள்ளும். நோய்க்கென்று அதில் தனிச்சலுகை கிடையாது.

மருத்துவச் சான்றிதழ் உதவுவது வேறு மூன்று இடங்களில்: கல்லூரியின் சொந்தக் கட்டணத்தில் தள்ளுபடி கேட்பதற்கு, மேலே சொன்ன முன்னேற்ற முறையீட்டுக்கு, வகுப்பு தொடங்குமுன் ட்யூஷன் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அதன் கோரிக்கைக்கு. இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் மனநலக் காரணங்களுக்கு என்ன வரம்பு என்று படியுங்கள். விலகிய பிறகு கல்லூரி கட்டணத்தைக் குறைத்தாலும் ஃபெடரல் கணக்கு மாறாது. விலகும்போது இருந்த கட்டணத்தை வைத்துத்தான் அது போடப்படும். ஆனாலும் அந்தத் தள்ளுபடி உங்கள் பில்லைக் குறைக்கும். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

கடனுக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. அது பாதிநேரத்துக்குக் கீழே, பெரும்பாலும் 6 கிரெடிட்டுக்குக் கீழே, போன நாளில் ஓடத் தொடங்கும். செப்டம்பர் 30-இல் நின்று ஜனவரியில் திரும்பினால் அவகாசம் முழுதாக மீளும். அடுத்த ஆகஸ்டில்தான் திரும்பினால் அது தீர்ந்துபோயிருக்கும். மறுபடி படிக்கும்போது தவணை நின்றுவிடும். ஆனால் பட்டம் வாங்கியதும் அந்தப் பழைய கடன்களுக்கு மறுபடி ஆறு மாதம் கிடைக்காது.

கேள்வி: ஐந்து பாடத்தில் ஒன்றை மட்டும் விட்டால்?
– ஒரு மாணவி, பிளேனோ

பதில்: மற்ற பாடங்களில் தொடரும் வரை மேலே சொன்ன திருப்பும் கணக்கு வராது. 2024-25 முதல் பெல் கிராண்ட் கிரெடிட் விகிதத்தில் தரப்படுகிறது: 12 என்றால் 100, 11 என்றால் 92, 9 என்றால் 75 சதவீதம். கல்லூரி எண்ணிக்கையைப் பூட்டும் சென்சஸ் தேதிக்கு முன் விட்டால் இது குறையும். 15-லிருந்து 12-க்கு வருவதில் பெல்லுக்கு நஷ்டமில்லை. கல்லூரியின் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு வருடத்துக்கு எத்தனை கிரெடிட் முடிக்க வேண்டும் என்று அதன் கடிதத்தைப் பாருங்கள். அடி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: நாங்கள் ஃபாஃப்சா (ஃபெடரல் உதவிக்கான விண்ணப்பம்) போட்டு உதவி வாங்கவில்லை, 529 என்ற வரிச்சலுகையுள்ள கல்விச் சேமிப்பிலிருந்துதான் கட்டினோம். மகன் இரண்டாம் வாரத்தில் விலகியதில் கல்லூரி 8,000 டாலர் திருப்பித் தந்தது. எங்களுக்குக் கவலை இல்லைதானே?
– பெல்வியூ, வாஷிங்டன்

பதில்: 60 நாள் கவலை இருக்கிறது. திரும்பி வந்த பணத்தை வந்த தேதியிலிருந்து 60 நாளுக்குள் அதே மகன் பெயரிலுள்ள 529 கணக்கில் மறுபடி போட்டுவிட்டால் வரி இல்லை. திரும்பி வந்த தொகைக்கு மேல் போடக்கூடாது. தவறினால் அதிலுள்ள லாபப் பகுதிக்கு வருமான வரியும் 10 சதவீதக் கூடுதல் வரியும் விழலாம். ரீஃபண்ட் பல சமயம் மாணவரின் சொந்தக் கணக்குக்கே போகும். பெற்றோருக்குத் தெரிய வரும்போது பாதி நாள் ஓடியிருக்கும். 18 வயதானவரின் கல்லூரிக் கணக்கைப் பற்றி அலுவலகம் உங்களிடம் பேச வேண்டுமானால் பொதுவாக மகனின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். அதை விலகுவதற்கு முன்பே போர்ட்டலில் கொடுக்கச் சொல்லுங்கள். 529 நிறுவனத்துக்கு அனுப்பும்போது "ரீஃபண்டை மறுபடி செலுத்துதல்" என்று குறிப்பிட்டு, கல்லூரியின் ரசீதையும் வைத்திருங்கள்.

கேள்வி: எஃப்-1 விசாவில் எம்எஸ் படிக்கிறேன். ஊரில் அப்பா பெயரையும் சேர்த்து வங்கிக் கடன். இந்த செமஸ்டரை விட்டுவிட்டு ஊருக்கு வரலாமா என்று யோசிக்கிறேன்.
– ஒரு மாணவர், ஓஹையோ

பதில்: ஃபெடரல் உதவி உங்களுக்குக் கிடையாது என்பதால் 60 சதவீதக் கணக்கு பொருந்தாது. உங்களுக்குக் கல்லூரியின் ரீஃபண்ட் அட்டவணை ஒன்றே ஆதாரம். அசிஸ்டன்ட்ஷிப் (கல்லூரியிலேயே கற்பித்தல், ஆய்வு உதவி வேலை) மூலம் கட்டணத் தள்ளுபடி வாங்கியிருந்தால் நியமனக் கடிதத்தைப் படியுங்கள். செமஸ்டர் நடுவில் விலகினால் தள்ளுபடியை ரத்து செய்து முழுக்கட்டணத்துக்கு பில் போடும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

பாடத்தை விடுவதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. அனுமதியோடு விலகினால் நாட்டை விட்டுக் கிளம்ப 15 நாள் கிடைக்கும். போர்ட்டலில் நீங்களாகவே எல்லாவற்றையும் டிராப் செய்தால் ஒரு நாள்கூடக் கிடையாது. காரணம் நோய் என்றால் விலகவே தேவையில்லாமல் போகலாம்: மருத்துவர் கடிதத்தோடு, ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை, குறைந்த பாடத்தோடு அல்லது பாடமே இல்லாமல் இங்கேயே இருக்க அனுமதி வாங்கலாம். வேறு கல்லூரிக்கு மாறும் எண்ணமென்றால் விலகுவதற்கு முன்பே உங்கள் சீவிஸ் பதிவை (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேட்டில் இருப்பது) மாற்றக் கேளுங்கள்.

வங்கிக்கு நீங்களே எழுதுங்கள். அடுத்த தவணைப் பணம் வெளிவராது, தவணை கட்டத் தொடங்கும் காலமும் முன்னால் நகரக்கூடும். இணைக்கடனாளி என்ற முறையில் நோட்டீஸ் அப்பாவுக்கும் போகும். அது வருவதற்கு முன் அவருக்கு உங்கள் வாயால் தெரிந்திருக்கட்டும். கல்லூரி திருப்பித் தரும் தொகை கடன் கணக்குக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அறிக்கையில் சரிபாருங்கள். ஐந்து மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பழைய ஐ-20 (விசாவுக்காகக் கல்லூரி தரும் சான்று) செல்லாது; புதிய ஐ-20-யும் மறுபடி 350 டாலர் சீவிஸ் கட்டணமும் வேண்டியிருக்கும்.